‘மெகா’வும் ‘பெரு’வும்

‘பெரிய’ எனப் பொருள்தரும் கிரேக்க முன்னொட்டாகிய ‘மெகா’வுக்கு ஈடு தமிழில் இல்லை என்பாரும் உளர். இஃது அறியாமையேயாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிற் பிறந்த பிள்ளை ‘பெருந்தோட்டம்’ என்னும் சொல்லைக் கேட்டே வளர்கின்றது. அதன் தலையில் நிற்பது அதே பொருளுடைய ‘பெரு’ அன்றோ? கேகாலை மாவட்டத்துப் பதவிகம்பொலவிலுள்ள கல்திட்டையை ‘மெகாலிதிக்’ சின்னம் என்றால் அப்பிள்ளை விழிக்கும். ‘பெருங்கற் சின்னம்’ என்றால் அக்கணமே விளங்கிக்கொள்ளும். ‘மக்ரோ’வை விடுத்துப் ‘பேரினப் பொருளியல்’ என்றதும் இவ்வாறே.

சமனலவெவ மின்நிலையத்தின் 120 மெகாவாட்டை மாற்றுமாறு யாம் கேட்கவில்லை. அளவலகுகள் உலகப் பொது. ஏனையவற்றில் ஒலியை மட்டும் பெயர்த்தெழுதுதல் மொழிபெயர்ப்பாகாது. ஆங்கிலம் அறிந்த மாணவனுக்கு அஃது இடையூறன்று. தமிழையே துணையாகக் கொண்ட தோட்டத்து மாணவனுக்கோ அடைத்த கதவு. கலைச்சொல் ஆக்குவோர் இதனை நெஞ்சிற் கொள்க.