எலியும் அதன் தோழனும்

சென்ற வருஷம் இஞ்சினியரிங் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் பிற்பகல் என் தங்கை டெலிபோன் செய்தாள்.

"அண்ணா, உடனே புறப்பட்டு வா! எலி ஓடமாட்டேன் என்கிறது. குழந்தை அழுகிறாள்!"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் எலி ஓடினால்தான் அழுவது வழக்கம்.

போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. தங்கை பெண் லாப்டாப்பின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரும்பிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். மாலை 5 மணியோடு கதவை அடைத்துவிடுவார்கள். மணி அப்போது மூன்றே கால். திரையிலே அம்பு அரை அங்குலம் ஊர்ந்து நிற்கும். பிறகு திடீரென்று துள்ளி, வேண்டாத கல்லூரியின் தலையில் போய் உட்காரும். மூன்று வருஷமாகப் படித்த படிப்பு ஓர் எலியின் காலில் கட்டிக் கிடந்தது.

பெண்ணின் தகப்பனார் பாட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டு, "இது தேறாது" என்று தீர்ப்புச் சொல்லி, புது எலி வாங்க ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாராம்.

நான் கேட்டேன்: "அம்பு மெதுவாகப் போகிறதா, விட்டு விட்டுப் போகிறதா?"

"இரண்டும்தான் மாமா!"

வைத்தியன் தடுமாறுகிற இடம் இதுதான். நத்தை நடை ஒரு வியாதி, நொண்டுவது வேறு வியாதி. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால், பழி முழுவதும் எலியின் மேல் விழுந்துவிடும்.

பக்கத்து வீட்டு லாப்டாப்பை ஐந்து நிமிஷம் இரவல் வாங்கினோம். எலியின் ரிசீவரை அதில் செருகினோம். பிள்ளையாரே ஏறி உட்கார்ந்தாற்போல் குஷியாக ஓடிற்று! அதே எலி, அதே பாட்டரி, அதே மேஜை. ஆகவே எலி நிரபராதி. அங்கேயும் நொண்டியிருந்தால், அடிவயிற்றுக் கண்ணில் மயிரிழை ஒட்டியிருக்கிறதா, மேஜைமேல் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். இந்தக் காலத்து எலி வயிற்றிலிருந்து வெளிச்சம் போட்டுத் தரையை வினாடிக்கு ஆயிரத்துக்கு மேல் படம் பிடித்து, படத்துக்குப் படம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. வழுவழுப்பான கண்ணாடியில் அதற்கு அடையாளம் ஒன்றும் அகப்படாது.

இனி நொண்டலைக் கவனிப்போம். நகக்கண் அளவு ரிசீவருக்குப் பக்கத்துத் துவாரத்திலேயே ஒரு ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தது. கம்பியில்லா எலி பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில். யூஎஸ்பி 3.0 சாதனம் வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல் அந்த அலைவரிசையிலேயும் பரவுகிறது. இன்டெல் கம்பெனி 2012-லேயே இதை விளக்கி வெளியிட்டிருக்கிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசினால் பாதிதானே காதில் விழும்? ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி விலக்கினேன். துள்ளல் அக்கணமே நின்றது. டிஸ்க் அவசியம் வேண்டுமென்றால், ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் போதும்.

ஆனால் நத்தை நடை மட்டும் போகவில்லை. அதிலும் ஒரு விசித்திரம்: வெளியே சரியாக ஓடும் அம்பு, பிரௌசருக்குள் நுழைந்ததும் சோர்ந்துவிடுகிறது! எலிக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கும்தானே சோர வேண்டும்? யாரோ உள்ளிருந்து உத்தரவு போடுகிறார்கள்.

போட்டவர் எலியோடு கூட வந்த உதவி மென்பொருள். மாப்பிள்ளை பரம சாது. மாப்பிள்ளைத் தோழனுக்குத்தான் வெந்நீர், விசிறி, இரண்டாம் தரம் காபி எல்லாம் வேண்டும். ஒவ்வொரு பிரோகிராமுக்கும் எலிக்கு ஒவ்வொரு வேகம் வைக்கலாம் என்பது இந்தத் தோழனுடைய பெருமை. பெண்ணின் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது, பிரௌசரில் போட்டோ திருத்துவதற்காக வேகத்தை 400-க்கு இறக்கிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். எலி ஓர் அங்குலம் நகர்ந்தால் அம்பு எத்தனை புள்ளி நகர்வது என்பதே அந்தக் கணக்கு. 1,920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க, 400-ல் ஏறக்குறைய ஐந்து அங்குலம் இழுக்க வேண்டும். 1,600-ல் ஒன்றே கால் அங்குலம் போதும்.

வேகத்தை ஏற்றிவிடலாம் என்று தோழனைத் திறந்தேன். வட்டம் சுற்றிற்று. "புதிய பதிப்பு இறங்குகிறது" என்றது. பிறகு, "கணக்குத் தொடங்கி உள்ளே வரவும்" என்றது. மணி நாலு! கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மானேஜர் வந்தது. எலியை நம்பாமல், டாப் விசையாலும் அம்பு விசைகளாலும் நகர்ந்து தோழனை நிறுத்தினேன். கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழுபவர்களின் ஜாபிதாவிலிருந்தும் அவன் பேரை எடுத்தேன். எலியின் வயிற்று சுவிட்சை ஒரு தரம் அணைத்துப் போட்டதும், தன் பழைய வேகம் அதற்கு ஞாபகம் வந்துவிட்டது.

தோழன் போனால் எலி ஓடுமா என்று பயப்பட வேண்டாம். சாதாரண எலிக்கு வேண்டிய சங்கதி விண்டோஸிலேயே இருக்கிறது. பக்கவாட்டுப் பொத்தான்களுக்குக் கொடுத்திருந்த விசேஷ வேலைகள் மட்டும் போய்விடும். சில எலிகள் அவற்றைத் தம் ஞாபகத்திலேயே வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டதானால், ஒரு தரம் எழுதி வைத்துவிட்டுத் தோழனை வழியனுப்பலாம். 2026 ஜனவரியில் ஒரு பெரிய கம்பெனியின் தோழன், சான்றிதழ் காலாவதியானதால் மாக் கம்ப்யூட்டர்களில் எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டான். எலிகள் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தன.

1964-ல் கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் செய்த முதல் எலிக்கு மர உடம்பு, இரண்டு சக்கரம், ஒரு பொத்தான். தோழன் கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்!

நாலு இருபதுக்கு வரிசை முடிந்து, பெண் ஒரு முறைக்கு இருமுறை சரிபார்த்து அனுப்பிவிட்டாள். தங்கை காபி கொண்டுவந்தாள். அந்தச் சமயம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்த பெண்ணின் தகப்பனார், புது எலிப் பெட்டியை வெற்றியுடன் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தாயா, இதற்குத் தனியாக ஒரு மென்பொருளே இருக்கிறதாம்! இலவசம்!"

"அப்பா, பெட்டியைப் பிரிக்காதீர்கள்!" என்று அலறினாள் பெண்.