மதிலும் படலையும்

ஹெந்தளைக்காரருக்கு மதில் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1708இல் எழுந்த தொழுநோய் வைத்தியசாலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், நோய் கண்டவரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க முடிந்தது. உள்ளே போனவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

விரும்பியே மதிலுக்குள் போனவர்களும் உண்டு. வெள்ளவத்தைக் கடையில் தோலகட்டி நெல்லி கிரஷ் வாங்குவோரில் பலருக்கு, அதன் பின்னால் துறவிகள் இருப்பது தெரியாது. அந்தத் துறவிகளைச் சேர்த்தவர், யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்த தோமஸ் அடிகளார். அமலமரித் தியாகிகள் சபைக் குரு. மறைபரப்பு நாடுகளிலும் தியான மடங்கள் எழவேண்டும் என்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1926இல் எழுதினார். இரண்டே ஆண்டில், வசாவிளானுக்குப் பக்கத்தில் தோலகட்டியில், செபமாலைத் தாசர் சபையை அடிகளார் தொடங்கிவிட்டார். செபம், மௌனம், மரக்கறிச் சாப்பாடு, கைவேலை: இதுதான் அங்கத்தைய வாழ்க்கை. அதைவிடப் பெரிய காரியம், பல சாதியாரும் அங்கே ஒன்றாக வாழ்ந்தது. கோயில் வாசலிலேயே ஆளைத் தடுத்த யாழ்ப்பாணம் அது. ஊருக்குள் திறக்காத படலையை மதிலுக்குள் திறந்து வைத்தார் மனிதர்.

இங்கிலாந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். யோர்க்‌ஷயரில் ரீவோ மடத்தின் அதிபராக 1147 முதல் 1167 வரை இருந்த ஏல்ரெட். கடைசிக் காலத்தில் மூட்டு வலியும் கல்லடைப்பும் அவரைப் படுக்கையில் போட்டன. ஆனாலும் இருபது, முப்பது துறவிகள் அவருடைய சின்னக் குடிலில் கட்டிலைச் சுற்றி இருந்து கதைப்பார்களாம். கூட வாழ்ந்த வோல்டர் டானியல் அவருடைய சரித்திரத்தை எழுதியிருக்கிறார். மற்ற மடங்களில் இடங்கிடைக்காத பலவீனரையும் ஏல்ரெட் சேர்த்துக்கொண்டார், தான் அங்கிருந்த பதினேழு ஆண்டில் ஒருவரைக்கூட வெளியேற்றவில்லை என்கிறார் வோல்டர்.

மடத்து ஒழுங்கு கடுமையானதுதான். ஆனால் ஒழுங்கைக் காட்டி ஆளைக் கழிப்பது சுலபம். ஒழுங்கையும் விடாமல் ஆளையும் விடாமல் வைத்திருப்பதற்குத்தான் தலைவர் வேண்டும். எங்கள் சனசமூக நிலையங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் கூட்டத்துக்குக் கூட்டம் யாரையாவது நீக்கித் தீர்மானம் எழுதுகிறோம். அடுத்த முறை தலைவரைத் தெரிவு செய்யும்போது, அவர் எத்தனை பேரை நீக்கினார் என்று முதலில் கேளுங்கள். மாலையை அதற்குப் பிறகு போடலாம்.