வாப்பாவின் தோட்டமும் மாமாவின் களப்பும்

மாமா எங்கள் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் யூரியாவில்தான் போய் முடியும். வாப்பா கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் செய்பவர். மாமா புத்தளம் களப்பில் வலை போடுபவர். "மச்சான், நீங்க போடுற பசளை எங்கட வலையிலதான் வந்து சிக்குது" என்பார் மாமா. வலையில் மீனுக்குப் பதிலாக வழவழவென்று பச்சைப் பாசி ஏறி வரும் நாட்களில் அவர் குரலில் பகிடி இருக்காது. வாப்பாவும் விடமாட்டார். "பசளை போடாட்டி நீங்க சோத்தோட எதத் திங்கிற?" என்பார். உம்மா இரண்டு பேருக்கும் கறியை அள்ளி வைத்துப் பேச்சை மாற்றுவார்.

சின்ன வயதில் இது எனக்கு வெறும் வேடிக்கை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய பிறகு இருவருமே உண்மை பேசுகிறார்கள் என்பது புரிந்தது.

எங்கள் மண் மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் ஒடுங்கிய நிலத்துண்டு. நிலத்தின் கீழே உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படைதான் எமது குடிநீரும் பாசன நீரும். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களில் அமோனியமாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாறுகிறது. களிமண்ணாக இருந்தால் அமோனியத்தையாவது கொஞ்சக் காலம் பிடித்து வைக்கும். மணலுக்கு அந்தப் பிடி இல்லை. நைத்திரேற்றையோ எந்த மண்ணும் இலேசில் பிடித்து வைக்காது. காலையும் மாலையும் மோட்டார் போட்டு நீர் இறைக்கிறோம். பயிர் எடுத்தது போக மிஞ்சியது அந்த நீரோடு கீழே இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. கிணற்றைத் தாண்டியது களப்புக்கும் கடலுக்கும் கசிகிறது. கற்பிட்டி நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடி வருவதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள்.

களப்பை அடைந்த நைதரசனுக்குத் தான் எந்தப் பயிருக்காக வாங்கப்பட்டது என்பது தெரியாது. அது அல்காவை வளர்க்கிறது. அல்கா நீரை மூடினால் அடியிலுள்ள கடற்புல்லுக்கு வெளிச்சம் குறைகிறது. மீன் குஞ்சும் இறால் குஞ்சும் ஒதுங்கி வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். அல்கா இறந்து அழுகும்போது பற்றீரியா நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடுகிறது. எங்கள் பாடநூல் இதற்கு நற்போசணையாக்கம் என்று பெயர் வைத்திருக்கிறது. 'நல்' என்ற சொல் அதில் எப்படி வந்து சேர்ந்தது என்று வகுப்பில் கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

மாமா சொல்வதை அப்படியே ஏற்கவும் மாட்டேன். களப்பின் எல்லாக் குறைக்கும் வாப்பாவின் யூரியா காரணமல்ல. வெட்டப்பட்ட கண்டல்கள், இறால் பண்ணைகளின் கழிவுநீர், எங்கள் மலசலகூடக் குழிகள், குஞ்சையும் விடாமல் அள்ளும் சிறுகண் வலைகள் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. கலா ஓயாவும் மீ ஓயாவும் இந்தக் களப்பில்தான் விழுகின்றன. மேலே தூரத்து வயல்களில் வடிந்த நீரும் அவற்றோடு வருகிறது.

வாப்பாவை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இன்னொரு காரணம் அரசாங்கக் கொள்கை. இந்நாட்டில் பசளை மானியம் 1962 இல் தொடங்கியது. 2005 இன் பின்னர் நெல் விவசாயிக்கு 50 கிலோ மூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. ஏழை விவசாயிக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையில் கிடைக்கும் பொருளை யார் அளந்து போடுவார்? 'கூடப் போட்டால் கூட விளையும்' என்ற எண்ணம் ஒரு தலைமுறையின் கையில் ஊறிவிட்டது. மூட்டையைக் கொடுக்கக் காட்டிய அக்கறையை மண்ணைப் பரிசோதித்துக் கொடுப்பதில் எவரும் காட்டவில்லை.

பிறகு 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது போகம் கைவிட்டுப் போயிருந்தது. அந்த வருடம் வாப்பாவின் வெங்காயம் கோலிக்குண்டு அளவுக்கு மேல் திரளவில்லை. உம்மாவின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. தடையைப் புகழ்ந்தவர்கள் சேதனப் பசளை கடலைக் காக்கும் என்றார்கள். கோழி எருவிலும் நைதரசன் உண்டு, பொசுபரசும் உண்டு. மழைக்கு முன் லொறிக் கணக்கில் கொட்டினால் அதுவும் கழுவிக்கொண்டு களப்புக்குத்தான் போகும்.

கருங்கடலில் இதைப் போன்ற ஒன்று முன்னரே நடந்திருக்கிறது. தன்யூப் நதி கொண்டுவந்த பசளையால் அதன் வடமேற்குப் பகுதி 1980களில் ஒட்சிசன் இன்றிச் செத்துக் கிடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து மானியங்கள் நின்றன. விவசாயிகளால் பசளை வாங்க முடியவில்லை. 1990களில் கடல் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுவிடத் தொடங்கியது. கடல் தேறும் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் விவசாயி நொடித்துப் போனதால் கிடைத்த தேறலை நான் கொள்கை என்று சொல்லமாட்டேன்.

டென்மார்க் வேறு வழியில் போனது. 1987 இல் தொடங்கிய திட்டங்களின் கீழ், ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு நைதரசன் போடலாம் என்று அளவு வைத்துக் கணக்குக் கேட்டார்கள். நிலத்திலிருந்து கழுவிச் செல்லும் நைதரசன் சுமார் பாதியாகக் குறைந்தது. அங்கும் விவசாயிகள் முணுமுணுத்தார்கள். 2016 இல் சில கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அமெரிக்காவில் மிசிசிப்பி நதிப்படுகையில் பெரும்பாலும் விரும்பியவர் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். 2017 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் ஒட்சிசன் குறைந்த பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீற்றர். எங்கள் நாட்டின் மூன்றிலொரு பங்கை விடவும் அதிகம்.

கடல் தூரத்து விடயம் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்ற தவணை எங்கள் ஆசிரியை நைத்திரேற்றுப் பரிசோதனைத் தாள்கள் கொண்டுவந்தார். வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துச் சென்றோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். என் தாள் அந்த நிறத்தைத் தாண்டிக் கடும் இளஞ்சிவப்பாகியது. தங்கைக்கு அப்போது நான்கு மாதம். அந்தக் கிணற்று நீரைத்தான் உம்மா பக்குவமாகக் கொதிக்க வைத்துப் பால்மா கரைத்துக் கொண்டிருந்தார். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலுவை அது குறைத்துவிடும்.

இரண்டு நாட்கள் வாப்பாவிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மறுநாள் முதல் தங்கைக்கு சுத்திகரித்த நீர் கேனில் வருகிறது. வாங்க முடியாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

ஓடும் ஆற்றங்கரையில் வுளூச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். தோட்டத்தில் அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். வாப்பாவுக்கு அளந்து போடத் தெரியாமலில்லை. 2022 இல் யூரியா விலை ஏறிக் கிடந்தபோது அவர் ஒரு மூட்டையைச் சிறு சிறு பங்காக்கி, பயிர் கேட்கும் நேரம் பார்த்து நான்கு தடவையாகப் போட்டார். விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. விலை இறங்கியதும் கையும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது.

ஆகவே நான் கேட்பது தடையுமல்ல, மலிவு மூட்டையுமல்ல. மானியப் பணத்தில் ஒரு பகுதியை மண் பரிசோதனைக்கும் கிணற்று நீர்ப் பரிசோதனைக்கும் ஒதுக்குங்கள். விவசாயப் போதனாசிரியர் போகத்தில் இரண்டு முறையாவது தோட்டத்துக்கு வரட்டும். களப்போரத்தில் ஒரு கீற்று நிலம் கண்டலுக்கும் புல்லுக்கும் விடப்படட்டும். குறைத்துப் போட்டு நட்டப்பட்டால் தாங்கிக்கொள்ள விவசாயிக்கு ஓர் ஈடும் வேண்டும். அது இல்லாமல் எந்த வாப்பாவும் துணியமாட்டார்.

நான் இதைச் சொன்னபோது, "மகள், கொப்பியில எழுதுறது லேசு" என்றார் வாப்பா. ஆனாலும் இந்தப் போகம் கிணற்றடிப் பக்கத்து ஆறு பாத்திகளுக்கு மட்டும் பசளையை மூன்றிலொன்று குறைத்திருக்கிறார். அடையாளத்துக்கு உம்மா நான்கு மூலையிலும் தடி நட்டு சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை மாமா வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஆறு பாத்திக்கு ஆறு மீனாவது கூடக் கிடைக்குமா மச்சான்?" என்று கேட்டார். வெங்காயம் பிடுங்க இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.