நினைவுப் பொருளின் மதிப்பு

ஒரு பொருளின் விலை, அதனை ஆக்குதற்கு ஆகும் செலவையும் அதனால் விளையும் பயனையும் பற்றி நிற்பது உலக இயல்பு. இவ்வியல்பினுள் அடங்காத பொருள்களும் சில உள. சிறந்த விளையாட்டு வீரர் அணிந்த பழஞ்சட்டையும், சாயம் வெளுத்த தொப்பியும், அவர்தம் உருவம் பொறித்த சிறு படஅட்டையும் ஏலத்தில் மாளிகை விலையினும் மிக்க விலை பெறுகின்றன. இதனைச் செல்வரின் வீண்பித்து என்று இகழ்வாரும் உளர். அது முழுதும் பொருந்துவதன்று. அவ்விலைக்குக் காரணங்கள் சில உண்டு.

முதலாவது காரணம் அருமைப்பாடு. அமெரிக்க நாட்டில் 1909 முதல் 1911 வரை ஒரு புகையிலை நிறுவனத்தார், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படஅட்டைகளைச் சிகரெட்டுப் பெட்டிகளில் வைத்து விற்றனர். ஹானஸ் வாக்னர் என்னும் வீரரின் அட்டை மட்டும் விரைவில் நிறுத்தப்பட்டது. இன்று எஞ்சியுள்ளவை ஏறத்தாழ 60 அட்டைகளே. அவற்றுள் ஒன்று 2022இல் 72 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஆயினும், அருமை ஒன்றே அமையாது. உலகில் ஒன்றேயாயினும், விரும்புவார் இல்லாத பொருளுக்கு விலை ஏது?

விருப்பத்தை விளைப்பது செயலின் சிறப்பு. 1986ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில், அர்ஜென்டினா நாட்டு மாரடோனா, இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டார். ஒன்று, நடுவர் காணாவாறு கையால் தட்டியது. மற்றொன்று, எதிரணியினர் பலரைத் தனியராய்க் கடந்து சென்று அடித்தது. பழியும் புகழும் ஒருங்கே பெற்ற அவ்வாட்டத்தின் முடிவில், அவர் தம் சட்டையை எதிரணி வீரர் ஒருவருடன் மாற்றிக்கொண்டார். அச்சட்டை 2022இல் 71 இலட்சம் பவுனுக்கு விற்றது.

மூன்றாவது காரணம் உண்மை. அச்சட்டை முற்பாதி ஆட்டத்தில் அணிந்ததே என்று மாரடோனாவின் குடும்பத்தார் மறுத்தனர். கோல்கள் இரண்டும் பிற்பாதியில் விழுந்தவை. ஏல நிறுவனத்தார் அந்நாளைய நிழற்படங்களோடு சட்டையின் நுண்ணிய அடையாளங்களை ஒப்பிட்டு, அது பிற்பாதிச் சட்டையே எனக் கூறினர். ஒரே நாளில் ஒரே வீரர் அணிந்த சட்டைகள் இரண்டனுள்ளும் இத்துணை வேறுபாடு கருதப்படுகின்றது. உண்மை நீங்கின் எஞ்சுவது வெறுந்துணியே அன்றோ? வாக்னர் அட்டைகளுள் பெயர்பெற்ற ஒன்றின் ஓரங்களை அழகு தோன்ற வெட்டியதாக, 2013இல் வணிகர் ஒருவர் ஒப்புக்கொண்டார். பொருளின் பெருமையை மிகுவிக்கச் செய்த பொய், அதன் பெருமைக்கே மாசாயிற்று.

நான்காவது காரணம் நோக்கம். கிரிக்கெட்டு உலகில் நெடிது ஆடினோருள் டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி ஓட்டமாகிய 99.94ஐ எட்டியவர் இலர். அவர் 1928இல் முதன்முதல் அணிந்த ஆஸ்திரேலிய அணித் தொப்பி, 2020 டிசம்பரில் 4,50,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. அவ்வாண்டு ஜனவரியிலோ, 708 விக்கெட்டு வீழ்த்திய ஷேன் வார்னின் தொப்பி 10,07,500 டாலர் பெற்றது. பிராட்மன் வார்னினும் தாழ்ந்தவர் என்று இதனாற் கொள்ளலாகாது. அக்காலை ஆஸ்திரேலியக் காடுகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் பலர் வீடிழந்து வருந்தினர். அவர்தம் துயர் துடைக்கவே வார்ன் தம் தொப்பியை ஏலத்திற்கு அளித்தார். அதனை வாங்கிய வங்கியும் தனக்கென வைத்துக்கொள்ள எண்ணவில்லை. நாடெங்கும் காட்டிப் பின்னர்ப் பிராட்மன் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் வைப்பதாக அறிவித்தது. ஈகை கலந்தமையால் தொப்பியின் விலை உயர்ந்தது.

இந்நான்கனுள் அருமை காலத்தால் வருவது. ஏனைய மூன்றும் மனிதர்தம் முயற்சியாலும் ஒழுக்கத்தாலும் வருவன. தொப்பியை வாங்கியவர் தொப்பிக்கே உரியவர் ஆவர்; அதனை அணிந்தவரின் ஆற்றலுக்கு உரியவர் ஆகார். விலை வேறு, மதிப்பு வேறு என்பதனை மாணவர் உணர்தல் வேண்டும். பிறர் அணிந்ததைப் பெரும்பொருள் கொடுத்துப் பெறுதலினும், தாம் அணிவதற்குப் பெருமை சேர்த்தலே சிறப்புடைத்து.