அய்யனார் காட்டில் நாம் விட்டு வருவது என்ன?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "இந்த வருஷம் கோயிலுக்கு என்றைக்குப் புறப்படுகிறோம்?"

கோயில் என்றால் ஊர்க்கோடிக் கோயில் அல்ல. பாபநாசத்துக்கு மேலே, மலைக்காட்டுக்குள், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். பல ஆயிரம் குடும்பங்களுக்கு அவரே குலதெய்வம். ஆடி அமாவாசைக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சென்னையிலும் பம்பாயிலும் பிழைப்பவர்கள்கூட லீவு போட்டுவிட்டு வந்து சேருவார்கள்.

காலையில் போய் மாலையில் திரும்புவது அங்கே வழக்கம் இல்லை. குடும்பத்தோடு காட்டிலேயே தங்குவார்கள். அதுதான் அந்தத் திருவிழாவின் சிறப்பு.

அந்த வழக்கம் நீடிக்குமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

காட்டு வீடு

காட்டில் தங்குவது என்றால் என்ன? வாடகை அறை இல்லை. கட்டில் இல்லை. மின்சார விசிறி இல்லை. நாலு கம்பு நட்டு, மேலே ஓலை போட்டால் அதுதான் வீடு. இப்போது ஓலைக்குப் பதில் தார்ப்பாய். மூன்று கல்லைக் கூட்டினால் அடுப்பு. ஆற்று நீரே குளிக்க, குடிக்க, சமைக்க. இருட்டினால் ஒரு லாந்தர் விளக்கு. ஆடி மாதம் ஆனதால் சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். குளிருக்குச் சுக்குக் காப்பியும் கம்பளியும்.

வீட்டில் இருந்தால் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். காட்டுக் குடிலில் அப்படி இருக்க முடியாது. தண்ணீர் எடுக்க ஒருவர், அடுப்பு மூட்ட ஒருவர், கைக்குழந்தையைப் பார்க்க ஒருவர் என்று எல்லோருக்கும் வேலை உண்டு. பெரியவர்கள் வில்லுப்பாட்டுக் கதைகளைச் சொல்வார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும்.

இன்று மலைப்பிரதேசங்களில் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். பட்டணத்துப் பணக்காரர்கள் "காட்டு அனுபவம்" என்று சொல்லி அங்கே போகிறார்கள். அந்த அனுபவம் நம் ஏழைக் குடும்பங்களுக்கு எத்தனையோ தலைமுறையாகச் செலவில்லாமல் கிடைத்து வந்திருக்கிறது!

ஆச்சி கற்றுத் தந்தது

சிறு பையனாக இருந்தபோது என் ஆச்சியோடு அங்கே போயிருக்கிறேன். ஒரு நாள் சாப்பிட்ட இலையை ஆற்றில் வீசினேன். ஆச்சி பார்த்துவிட்டாள்.

"ஏலே, இங்க வா. எச்சி எலைய ஆத்துல போடுதியே, கீழ ஊர்ல குடிக்கிறவன் மனுசன் இல்லியா?" என்றாள்.

ஆற்றில் இறங்கி அந்த இலையை எடுத்து வரச் சொன்னாள். எடுத்து வந்தேன். குழி தோண்டச் சொன்னாள். தோண்டிப் புதைத்தேன்.

புறப்படும் நாள் வந்தது. ஆச்சி அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது, இன்னொரு குடம் ஊற்றினாள். மூன்று கல்லையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டாள். தரையைப் பெருக்கினாள். "போகிற இடத்தை எதற்கு ஆச்சி பெருக்குகிறாய்?" என்று கேட்டேன்.

"நாம வந்து போனது அய்யனாருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

அவள் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஆனால் காட்டில் எப்படித் தங்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எது மாறியது?

அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோரும் ஆச்சியைப் போல நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் குப்பை போட்டார்கள். ஆனால் அவர்கள் போட்டது என்ன? வாழை இலை, பனை ஓலை, தேங்காய்ச் சிரட்டை, மண் சட்டி. இலை சில வாரத்தில் மட்கும். ஓலையைக் கறையான் தின்னும். சட்டி உடைந்தால் மண்ணோடு மண். அடுத்த ஆடிக்குப் போனால் இலையின் சுவடே இருக்காது.

இன்று நாம் கொண்டுபோவது என்ன? தண்ணீர் பாட்டில், ஷாம்பு பொட்டலம், பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பூசிய டம்ளர், தெர்மாகோல் தட்டு, கண்ணாடிப் பாட்டில். இவை நம் ஆயுளிலும் மட்காது, நம் பேரன் ஆயுளிலும் மட்காது.

வழக்கம் பழைய வழக்கம்தான். பண்டம் புதிய பண்டம். கெடுதல் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தடை காகிதத்தில் இருக்கிறது. பை நம் கையில் இருக்கிறது!

இன்னொரு கொடுமை துணி. பாபநாசத்தில் ஆற்றில் முழுகிவிட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பாவம் போய்விடும் என்ற எண்ணம். தொண்டர்களும் ஊழியர்களும் ஆற்றில் இறங்கி அந்தத் துணிகளை வண்டி வண்டியாக அள்ளியிருக்கிறார்கள். நம் பாவம் கழிந்ததோ இல்லையோ, ஆற்றுக்குப் புதுப் பாவம் சேர்ந்தது!

யாருடைய வீடு அது?

கோயிலைச் சுற்றி இருப்பது சாதாரணக் காடு அல்ல. 1962-ல் முண்டந்துறை சரணாலயம் ஏற்பட்டது. 1976-ல் களக்காடு சரணாலயம் ஏற்பட்டது. 1988-ல் இரண்டையும் சேர்த்துக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான்.

புலி, சிறுத்தை, யானை, மிளா, கரடி எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் காணமுடியாத சோலைமந்தியும் அங்கே உண்டு. வருஷம் முழுவதும் அது அவற்றின் வீடு. நாம் போவது சில நாள் விருந்தாளியாக.

விருந்துக்குப் போன வீட்டில் நடுக்கூடத்தில் குப்பையைக் கொட்டுவோமா? பாட்டைப் போட்டு அலற விடுவோமா?

பிளாஸ்டிக் பையில் சோற்று வாசனையும் உப்பும் ஒட்டியிருக்கும். மிளாவும் யானையும் பையோடு சேர்த்து விழுங்கும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை செத்தது. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் குப்பை இருந்தது. கருவில் ஒரு குட்டியும் இருந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆற்றையும் நினைக்க வேண்டும். பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்குப் பக்கத்தில் கடலில் சேருகிறது தாமிரபரணி. நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது அந்த நீரைத்தான். குடிலின் வாசலில் நாம் நுரைக்கும் சோப்பு நம் சொந்தக்காரர் வீட்டுக் குடத்துக்குத்தான் போகிறது.

தடுப்பது சரியா?

முன்பு பத்து நாள், பதினைந்து நாள்கூடக் குடில் போட்டுத் தங்கியவர்கள் உண்டு. இப்போது வனத்துறை திருவிழாவை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டுமே அனுமதி தருகிறது. சோதனைச் சாவடியில் பைகளைப் பார்க்கிறார்கள். சொந்த வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் போகச் சொன்னதும் உண்டு. இதில் ஜனங்களுக்கு வருத்தம்.

"எங்கள் சாமியைக் கும்பிட எங்களுக்கே கட்டுப்பாடா? கீழே ஊர்களின் சாக்கடை எல்லாம் ஆற்றில் விழுகிறதே, அதைத் தடுத்தார்களா? ஏழை பக்தன்தான் கண்ணில் படுகிறானா?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாக்கடையை ஆற்றில் விடுவது பெரிய குற்றம். அதைத் தடுக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் கீழே ஒருவன் அழுக்காக்குகிறான் என்பதற்காக மேலே நாமும் அழுக்காக்கலாமா? ஆறு சுத்தமாகப் பிறக்கும் இடமாவது சுத்தமாக இருக்க வேண்டாமா?

நாட்களைக் குறைத்தது சரி என்பதே என் கருத்து. கூட்டம் பெருத்துவிட்டது, காடு பெருக்கவில்லை. ஆனால் அடியோடு தங்கவே கூடாது என்று ஒரு நாள் உத்தரவு வந்தால் அது தவறு. காட்டில் படுத்து எழுந்த பிள்ளைதான் காட்டை நேசிக்கும். பஸ்ஸில் வந்து பத்து நிமிஷம் கும்பிட்டுப் போகும் பிள்ளைக்குக் காடு வெறும் வழி. அது அழிந்தாலும் அவனுக்கு வலிக்காது.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "போடாதே" என்று பலகை வைத்தால் மட்டும் போதாது. போதுமான கழிப்பிடங்கள் வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு. குப்பையை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். நேரத்துக்குப் பஸ் வேண்டும். வயதானவர்களை வெயிலிலும் மழையிலும் காக்க வைக்கக் கூடாது. மரியாதையோடு சொன்னால் நம் ஜனங்கள் கேட்பார்கள்.

நாம் செய்ய வேண்டியது

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து புறப்படும்போதே யோசிக்க வேண்டும்.

அரிசி, பருப்பு, புளி எல்லாவற்றையும் துணிப்பையிலும் தூக்குவாளியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கனமாகத்தான் இருக்கும். ஆனால் காட்டுக்குக் கனமாக இராது.

ஒரு சாக்கைக் குப்பைக்கென்றே கொண்டுபோங்கள். மட்காதது எதுவானாலும் அதில் போட்டு வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். அந்தச் சாக்கு, வீட்டின் மூத்த பிள்ளையின் பொறுப்பில் இருக்கட்டும்.

மரக்கிளையை ஒடிக்காதீர்கள். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் எதை எடுத்தாலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அடுப்பைச் சருகு இல்லாத வெறும் மண்ணில், அனுமதித்த இடத்தில் மட்டும் மூட்டுங்கள். அணைத்த பிறகு சாம்பலைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் நெருப்பு இருக்கிறது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலைக்காட்டில் பிடித்த தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. காட்டுத்தீ மனிதர்களுக்கு ஓட அவகாசம் தராது.

ஆற்றுக்குள் சோப்பு வேண்டாம். வாளியில் நீர் எடுத்துக் கரைக்கு மேலே தள்ளிப்போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள். கட்டிய துணியை விட்டு வராதீர்கள். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் அடுத்த வருஷம் அது பிள்ளை கையிலிருந்து பிடுங்கும். இருட்டிய பிறகு குடிலை விட்டுத் தனியாகப் போகாதீர்கள். யானைக்கு நம் ஊர்த் திருவிழா தெரியாது.

மதுப் பாட்டில் பற்றி ஆண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் சொல்வார்கள்!

பட்டவராயன் நடக்கும் பாதை

அந்தக் கோயிலில் பட்டவராயனுக்கும் சந்நிதி உண்டு. மாடு திருட வந்தவர்களோடு போராடி உயிர் விட்டவர் அவர். அவருக்குத் தோல் செருப்புக் காணிக்கை கொடுப்பது வழக்கம். அவர் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு இரவில் காட்டைச் சுற்றிக் காவல் காக்கிறார், அடுத்த வருஷம் பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள்.

நல்ல நம்பிக்கை. அப்படியானால் ஒன்று கேட்கிறேன். திருவிழா முடிந்து நாம் எல்லோரும் ஊர் திரும்பிய இரவில் பட்டவராயன் நடக்கும்போது அவர் காலில் எது குத்த வேண்டும்? நாம் உடைத்துப் போட்ட பாட்டில் சில்லா?

செருப்புக் காணிக்கை கொடுக்கும் கை, அவர் நடக்கும் பாதையையும் பெருக்கிக் கொடுக்கட்டும். நாம் வந்து போனது அய்யனாருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அப்போதுதான் நம் பேரப்பிள்ளைகளும் அங்கே மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள்.