ஒபரேஷனோடு நமது கடமை முடிந்துவிடுகிறதா?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கசக்கவும் கூடும். முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

நம் ஊர்களில் ஒருவருக்குக் கிட்னி மாற்ற வேண்டும் என்றால் நாம் சும்மா இருப்பதில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரிக்கிறோம். வட்ஸ்அப் குழுமங்களில் வங்கிக் கணக்கு இலக்கம் சுற்றுகிறது. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். சிங்கள, தமிழ் சகோதரர்களும் தருகிறார்கள். ஒபரேஷன் முடிந்ததும் "அல்ஹம்துலில்லாஹ், வெற்றி" என்று ஒரு பதிவு வரும். அத்தோடு கணக்கும் மூடப்படும்.

சேர்த்துக் கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கை மூடுவதில்தான் நமக்குச் சண்டை. நோயாளி மிகவும் பலவீனமாக இருக்கப்போகும் காலம் அன்றுதான் தொடங்குகிறது.

ஏன் என்று பார்ப்போம். அடுத்தவருடைய கிட்னியை நம் உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கும், தாக்கும். அதைத் தடுக்கத்தான் டக்ரோலிமஸ், மைகோபினோலேட் போன்ற குளிசைகளைக் கொடுத்து நிர்ப்பீடனத்தை, அதாவது நோய் எதிர்ப்புச் சக்தியை, வேண்டுமென்றே அடக்கி வைக்கிறார்கள். காவலாளி அடங்கியதும் உள்ளே ஒளிந்திருந்தவன் எழும்புவான். சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. நம் பகுதி நாடுகளில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோரின் உடலில் அது சிறு வயதிலேயே புகுந்திருக்கும். எச்சில், சிறுநீர், தாய்ப்பால் வழியாக வரும். சுகதேகியை ஒன்றும் செய்யாது, சாகும்வரை தூங்கும். கிட்னி மாற்றியவரில் விழித்துக்கொண்டால் காய்ச்சல், வயிற்றோட்டம், வெண்குருதிக் கலங்கள் குறைதல் என்று தொடங்கி, நுரையீரலையும் குடலையும் பிடித்து, புதுக் கிட்னியையே பறித்துவிடலாம்.

இதற்கு மருந்து உண்டு. வல்கன்சிக்லோவிர் என்ற குளிசையைப் பலருக்கு 3 முதல் 6 மாதம் வரை முற்காப்பாகவே கொடுக்கிறார்கள். நோய் வந்துவிட்டால் கூடிய அளவில் கொடுக்கிறார்கள். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தே அளவு தீர்மானிக்கப்படும். அந்தக் குளிசையும் வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும். ஆகவே திரும்பத் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்துவதல்ல இந்த வைத்தியம். இரத்தத்தில் வைரஸ் அடங்கிவிட்டது என்று பரிசோதனை சொல்லும்வரை தொடர வேண்டும். காசில்லை என்று பாதிக் குளிசை போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு பாவிக்கும் பொஸ்கார்நெட் கிட்னியைத் தாக்கக்கூடியது. பழகிய வைரஸுக்கென்று மரிபாவிர் என்ற மருந்தை அமெரிக்கா அனுமதித்ததே 2021இல்தான்.

பீகே வைரஸ் என்று இன்னொன்று கிட்னியிலும் சிறுநீர்ப் பாதையிலும் தூங்கும். அதற்கு நம்பக்கூடிய நேரடி மருந்து இன்றுவரை இல்லை. நிர்ப்பீடனத்தை அடக்கும் குளிசைகளைக் குறைப்பதுதான் வைத்தியம். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் உடல் கிட்னியைத் தாக்கும், குறைக்காவிட்டால் வைரஸ் தாக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் கயிற்றின்மேல் நடப்பதுபோல டொக்டர் அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கயிற்றைத்தான் நம்மவர்கள் சிலர் வந்து ஆட்டுகிறார்கள்.

"மகன், இந்தக் குளிசையெல்லாம் சூடு. இருக்கிற கிட்னியையும் பழுதாக்கிரும். உட்டுப்போட்டு இந்தக் கசாயத்தக் குடிங்க" என்று ஒருவர். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து என்று போத்தலோடு வரும் இன்னொருவர். இந்த இரண்டாமவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: பல இலட்சம் செலவழித்து டொக்டர் அடக்கி வைத்திருப்பதையா நீங்கள் கூட்டப் போகிறீர்கள்? உங்கள் போத்தல் சொன்னபடி வேலை செய்தால் கிட்னி போகும். வேலை செய்யாவிட்டால் காசு போகும். இதில் எது நன்மை? கசாயத்தில் என்ன இருக்கிறது என்று தருபவருக்கே தெரியாதபோது, அது டக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றுமா இறக்குமா என்று யார் சொல்வது? ஒரு சாதாரண கிரேப் புரூட் பழமே அந்த அளவை ஏற்றிவிடும்.

ஆங்கில மருந்து என்றாலே சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. கிட்னி மாற்றுச் சிகிச்சைக்கு ஆரம்ப காலத்தில் கைகொடுத்த அசதயோப்ரீன் என்ற குளிசையை உருவாக்கியதில் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணிக்குப் பெரும் பங்குண்டு. வைரஸுக்கு எதிரான அசிக்லோவிரும் அவருடைய குழுவின் உழைப்புத்தான். நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்திலும், வைரஸை அடக்கும் மருந்திலும் ஒருவருடைய கையே இருந்திருக்கிறது. பெண் என்பதால் ஆய்வுகூட வேலை கிடைக்காமல் ஆரம்பத்தில் பாடசாலையில் படிப்பித்தவர் அவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். இந்த உழைப்பையெல்லாம் ஒரு வட்ஸ்அப் குரல் பதிவு தள்ளிவிடுவதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை.

கீமோ எடுப்பவர்களின் வீட்டிலும் இதே கதைதான். எப்போதோ வந்த செங்கமாரியை வெட்கத்தில் மறைக்கிறார்கள். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் ஈரலில் ஒளிந்திருந்தால், சில மருந்துகள், குறிப்பாக ரிடுக்சிமாப், அதை எழுப்பி ஈரலைச் செயலிழக்கச் செய்யலாம். முன்கூட்டியே இரத்தம் பார்த்து என்டெகாவிர் அல்லது டெனோபோவிர் கொடுத்தால் தடுக்கலாம். கீமோ முடிந்த பின்பும் மாதக்கணக்கில், ரிடுக்சிமாப் எடுத்தவருக்கு ஒரு வருடத்துக்கும் மேல், அதைத் தொடர வேண்டும். இலங்கையில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பெரும்பாலானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத்தாச்சே" என்பார்கள். சுன்னத்துதான், மறுக்கவில்லை. ஆனால் கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போவதைத் தடுத்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். ஒரு வேன் நிறைய ஆட்களும், இருமும் பிள்ளைகளும் போய் அந்தச் சின்ன அறையில் உட்காருவது நோயாளிக்குச் செய்யும் உபகாரமா? கொப்புளிப்பான், கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். நமக்கு ஒரு வாரச் சிரமம், அவருக்கு உயிராபத்து.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்பதும் உண்மைதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று மிம்பரில் கேட்டவர்கள்தானே நாம் எல்லோரும்?

ஆகவே வெளிப்படையாகக் கேட்கிறோம்.

1. பள்ளிவாசல் நிருவாகங்களும் நிதி சேர்க்கும் குழுக்களும் ஒபரேஷனுக்கு மட்டும் கணக்குத் திறக்க வேண்டாம். முதல் ஒரு வருடத்துக்கான குளிசை, இரத்தப் பரிசோதனை, கிளினிக் போக்குவரத்து ஆகியவற்றையும் தொகையில் சேருங்கள். 2022இல் அரச வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் பாமசி பாமசியாக அலைந்ததை மறந்துவிடாதீர்கள். ஸகாத் நிதி பற்றி ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

2. கதீப்மார்கள் ஒரு குத்பாவில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். டொக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்வது ஓர் உயிரோடு விளையாடுவது என்று மிம்பரிலிருந்து சொன்னால் ஊர் கேட்கும்.

3. பார்க்கப் போகிறவர்கள் முதலில் கோல் எடுங்கள். தடிமன், இருமல், கொப்புளம் இருந்தால் போக வேண்டாம். வீட்டில் இருந்தே துஆச் செய்யுங்கள், சாப்பாடு அனுப்புங்கள்.

4. குடும்பத்தவர்கள் ஒரு கொப்பியில் குளிசை நேரம், இரத்தம் பார்க்கும் திகதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து நாள் கடத்தாமல் அன்றே கிளினிக்குக்கு அறிவியுங்கள். கொப்புளிப்பான் உள்ள பிள்ளையோடு இருந்தது தெரிந்தால் நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்ப நாட்களில் கொடுக்கும் முற்காப்பு மருந்துகள் உண்டு. நோன்பு பிடிப்பதா என்பதையும் டொக்டரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்.

கணவனோ மகனோ தன் உடலிலிருந்து ஒரு கிட்னியை வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஊரே சேர்ந்து காசு கொடுத்திருக்கிறது. அந்தக் கிட்னி குளிசைக்குக் காசில்லாமலோ, யாரோ ஒருவரின் புத்திமதியாலோ பழுதாகிப் போனால் நாளை மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு. உங்கள் மஹல்லாவில் இப்போது அப்படி ஒருவர் இருக்கிறாரா? அடுத்த மாதக் குளிசைக்குக் காசு இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.