அது என்ன கார்? எப்படித் தெரியும்?

பழைய கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு குரூப்ல வந்து விழுந்தா, பத்து நிமிஷத்துக்குள்ள நாலு பேர் அதுல இருக்கிற காருக்குப் பேர் வெச்சிடுவாங்க. "1948 ப்யூக்." "இல்ல மச்சி, செவ்ரோலே." யாராவது போன்ல இமேஜ் சர்ச் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினதும் விவாதம் முடிஞ்சிடும். அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க மாட்டோம். என்னைக் கேட்டா, அது அடையாளம் காணுறது இல்ல, பேர் வெக்கிறது. அடையாளம் காணணும்னா இன்னொரு கேள்விக்கும் பதில் வேணும்: எப்படித் தெரியும்?

இது கார் பைத்தியங்களோட சண்டை மட்டும் இல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழம்பொருள் கடைகளுக்குப் போனவங்களுக்கு நான் சொல்றது புரியும். இடிச்ச வீடுகளோட தூண், கதவு, எனாமல் பாத்திரம் இதுங்களோட சேர்ந்து யாரோ ஒரு குடும்பத்தோட போட்டோவும் விலைக்குக் கிடக்கும். பின்பக்கம் பேர் இருக்காது, தேதி இருக்காது. படத்துல நிக்கிறவங்க யாருன்னு சொல்லவும் ஆள் இல்ல. வேட்டியையும் புடவையையும் மட்டும் வெச்சு அது 1945-ஆ, 1960-ஆன்னு நம்மளால சொல்ல முடியாது. பின்னாடி ஒரு கார் நின்னா சொல்ல வாய்ப்பு இருக்கு. அந்தப் படத்துக்குக் கிடைச்ச ஒரே சாட்சி பல நேரம் அந்தக் கார்தான். சாட்சியை ஒழுங்கா விசாரிக்க வேண்டாமா?

விசாரணைன்னா பெரிய வித்தை எதுவும் இல்ல, பார்ட் பார்ட்டா பாக்கிறதுதான். ஹெட்லைட் தனியா தண்டுல நிக்குதா, மட்கார்டுக்குள்ள புதைஞ்சிருக்கா? கதவுக்குக் கீழ ஃபுட்போர்டு இருக்கா? முன் கண்ணாடி ஒரே துண்டா, நடுவுல பட்டை வெச்ச ரெண்டு துண்டா? சக்கரத்துல இருக்கிறது மரக் கட்டையா, கம்பியா, தகடா? மட்கார்டும் ஹெட்லைட்டும் தனித்தனியா இருந்தா பெரும்பாலும் 1920-கள், 30-கள் பக்கம். எல்லாம் ஒரே உடம்பா சேர்ந்திருந்தா 1940-களோட கடைசிக்கு அப்புறம். கார் பேரே தெரியாம இவ்வளவு தூரம் வந்துடலாம்.

நம்ம ஊர் கார்களுக்கு வந்தா விஷயம் இன்னும் சுவாரசியமாகும். அம்பாசடர் பிரிட்டனோட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-ல இருந்து வந்தது, அதுக்கு முந்தின லேண்ட்மாஸ்டர் சீரீஸ் 2-ல இருந்து. அதனால இமேஜ் சர்ச்ல போட்டா மாரிஸ்னு வர வாய்ப்பு ரொம்ப அதிகம். உருவம் ஒண்ணுதானே, மெஷின் மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா மாரிஸ்னு நம்பிட்டா அந்தக் காரை 1950-களோட நடுவுல நிறுத்திடுவோம். அம்பாசடரோ 2014 வரைக்கும் உற்பத்தியில இருந்த வண்டி. 1962-ல மார்க் 2, 1975-ல மார்க் 3, 1979-ல மார்க் 4 வந்தப்போ எல்லாம் உடம்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்துச்சு, முன்பக்க கிரில்தான் மாறிச்சு. அப்போ அந்தப் படத்துல நாம பாக்க வேண்டியது காரோட உருவத்தை இல்ல, அதோட மூக்கை.

இதே மாதிரி ஃபியட் 1100. 1950-கள்ல வந்த மாடல்ல முன் கதவோட கீல் பின்பக்கம் இருக்கும், அதனால கைப்பிடி முன் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கும். பின்னாடி வந்த பத்மினியில கீல் முன்னாடி போயிடுச்சு. மங்கலான படத்துலகூட ஒரு கைப்பிடி இருக்கிற இடம் ரெண்டு தலைமுறை கார்களைப் பிரிச்சுக் காட்டிடும். மதராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கோங்க. அதோட மூலமான பிரிட்டிஷ் ட்ரையம்ஃப் ஹெரால்டு சலூனுக்கு ரெண்டு கதவுதான். நாலு கதவு வெச்ச ஹெரால்டு இந்தியாவுக்காக மட்டுமே செஞ்சது. அதனால படத்துல நாலு கதவு தெரிஞ்சா அது எந்த நாட்டு வண்டிங்கிற கேள்வி அங்கேயே முடிஞ்சுது.

நம்பர் பிளேட் தெரிஞ்சா அதிர்ஷ்டம். இப்போ இருக்கிற டிஎன் 01 மாதிரியான முறை 1989-க்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி மூணு எழுத்து, அப்புறம் எண். எம்எஸ், எம்டின்னு ஆரம்பிச்சா அது மதராஸ்னு பேர் இருந்த காலத்துல பதிவான வண்டி. ஆனா ஜாக்கிரதை: பிளேட் சொல்றது வண்டி பதிவான காலத்தை, போட்டோ எடுத்த காலத்தை இல்ல.

பெரும்பாலும் நாம சறுக்குற இடமும் இதுதான். 1938 மாடல் கார் நின்னா அது 1938-ல எடுத்த படம்னு எழுதிடுறோம். கார் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: இந்தப் படம் எனக்கு முன்னாடி எடுத்தது இல்ல. அதுக்கு அப்புறம் எவ்வளவு வருஷம்னு அதுக்குத் தெரியாது. சுதந்திரத்துக்கு அப்புறம் இறக்குமதிக் கட்டுப்பாடு, புதுக் காருக்கு வருஷக்கணக்கா காத்திருப்புன்னு இருந்த நாட்டுல, ஒரு வண்டியை இருபது வருஷம் வெச்சு ஓட்டுறது சாதாரணம். 1938 காருக்கு முன்னாடி 1955 கல்யாண மாப்பிள்ளை நிக்கலாம். தேதியை ரெண்டு பக்கமும் இறுக்கணும்னா காரைத் தாண்டிப் பாக்கணும்: கடைப் பலகை, விளக்குக் கம்பம், சினிமா போஸ்டர், போட்டோவுக்குப் பின்னாடி ஸ்டுடியோ முத்திரை.

ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தா உடனே ஃபாரின் வண்டின்னு குதிக்கவும் வேண்டாம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கலாம். பக்கத்துல நிக்கிற அம்மாவோட முந்தானை எந்தத் தோள்ல இருக்குன்னு பாருங்க. வலது தோள்ல இருந்தா படமே திரும்பியிருக்கான்னு சந்தேகப்படலாம். எழுத்து ஏதாவது தெரிஞ்சா உறுதியாயிடும்.

"இதெல்லாம் எதுக்கு, ஏஐ போட்டுத் தெளிவாக்கிப் பாத்துடலாமே"ன்னு கேக்கலாம். நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, நமக்கே இது தெரியணும். மங்கலான படத்தைத் தெளிவாக்குற மாடல் அங்க இல்லாத விவரத்தை வெளியில இருந்து கொண்டு வர முடியாது. ட்ரெயினிங்ல பாத்ததை வெச்சு இப்படி இருக்கும்னு ஊகிச்சு நிரப்பும். நிரப்பின கிரில்லை வெச்சு மாடலைக் கண்டுபிடிச்சா, சாட்சிக்கு நாமே சொல்லிக் குடுத்து நாமே கேட்ட மாதிரி. லேப்ல ரீடிங் எடுக்காம ரிசல்ட் எழுதினா நம்ம சார் ரெக்கார்டைத் தூக்கிப் போடுவாரு. இங்கயும் அதே விதிதான். தேடலுக்கு ஏஐ-யைப் பயன்படுத்துங்க, தப்பில்ல. அது சொன்ன மாடலோட உண்மையான படத்தை எடுத்து, ஒரிஜினல் ஸ்கேன்ல கைப்பிடி, கிரில், கண்ணாடி எல்லாம் பொருந்துதான்னு நீங்க பாக்கணும். முடிஞ்சா கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியம் போய் வண்டிகளை நேர்லயே பாருங்க. ஒரு தடவை கிட்ட நின்னு பாத்தா கண்ணு பழகிடும்.

இதைவிட எனக்குக் கோபம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. நல்ல கார்னு தெரிஞ்சதும் படத்தை காரைச் சுத்தி வெட்டிடுறாங்க. ஓரத்துல நின்ன பாட்டி போயிடுவாங்க, காக்கிச் சட்டை போட்ட டிரைவர் போயிடுவாரு. பானெட் மேல கை வெச்சு நிக்கிறவரைப் பாத்ததும் "இவர்தான் ஓனர்"னு எழுதிடுறோம். அது கடன் வாங்கின காரா இருக்கலாம், டாக்சியா இருக்கலாம், ஸ்டுடியோக்காரர் நிறுத்தி வெச்ச வண்டியாகூட இருக்கலாம். அந்தக் காரை தினம் துடைச்சு, பஞ்சர் ஒட்டி, ராத்திரி பகலா ஓட்டின மனுஷன் ஃபிரேமோட ஓரத்துல நிப்பாரு. அவர் பேரை யாரும் கேக்கிறதே இல்ல. காருக்காவது கேட்லாக் இருக்கு, கம்பெனி ரெக்கார்டு இருக்கு. எந்த வருஷம் வேணும்னாலும் அதைக் கண்டுபிடிச்சுக்கலாம். அவருக்கு இருக்கிறது இந்த ஒரு போட்டோதான்.

அதனால அடுத்த தடவை இப்படி ஒரு படம் வந்தா, பேர் மட்டும் போடாதீங்க. பேரு, அதுக்கு என்ன ஆதாரம், எவ்வளவு நிச்சயம், இந்த மூணையும் சேர்த்துப் போடுங்க. "அம்பாசடர் மார்க் 2, கிரில்லை வெச்சு சொல்றேன், படம் 1962-க்கு முன்னாடி இருக்காது" அப்படின்னு எழுத ரெண்டு வரி போதும். நாளைக்கு வேற ஒருத்தர் அதைச் சரிபார்க்கலாம், தப்புன்னா திருத்தலாம். வெறும் "1957 மாரிஸ்"னு போட்டா திருத்தவும் வழி இல்ல, அதுவே நாலு குரூப் சுத்தி வரலாறு ஆயிடும்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்போ வீட்டு ஆல்பத்தை எடுங்க. வெட்டாம, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஸ்கேன் பண்ணுங்க. கார் என்னன்னு நீங்க பாருங்க, பக்கத்துல நிக்கிறவங்க யாருன்னு தாத்தா பாட்டிகிட்ட கேளுங்க. காரைப் பத்தி அஞ்சு வருஷம் கழிச்சும் தேடிக்கலாம். அவங்ககிட்ட இப்பவே கேட்டாதான் உண்டு.